கரையிலிருந்து அசைந்த கை

இலங்கையில் பெரியப்பா செத்துப்போனதாகக் காலையில் போன் வந்தது. அப்பா அழவில்லை. நான் பெரியப்பாவைப் பார்த்ததே இல்லை. எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை. வழக்கப்படி ரெண்டு பேரும் தலைக்கு ஊற்றிக்கொண்டோம்.

அங்கே தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர்கள் அப்பாவும் பெரியப்பாவும். அப்பாவை இந்தியாக்காரர் என்று சொல்லிக் கப்பலேற்றிவிட்டார்கள். பெரியப்பாவுக்கு அங்கேயே குடியுரிமை கிடைத்துவிட்டது. பண்ணைக்காட்டில் மிளகு பறித்தே அப்பாவுக்கு வயதாகிவிட்டது. கொடைக்கானலில் என்னோடு இருக்க வந்த பிறகும் ஏரிப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. அன்றைக்கு, "போட்ல ஒரு சுத்து போவமாம்மா?" என்றார்.

"எழவு கேட்ட அன்னைக்கா?"

"அதான் தலை முழுகியாச்சே."

போட்டில் அப்பா கரையைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தார். போட் நகர்ந்ததும் கையைத் தூக்கி அசைத்தார். கரையில் எங்களுக்குத் தெரிந்தவர் யாருமில்லை. குரங்குக் குல்லா போட்ட ஒரு ஆள் தனக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தார். அங்கே யாரும் இல்லை என்றதும் அவரே கையைத் தூக்கினார். மரங்கள் மறைக்கும்வரை அசைத்துக்கொண்டே நின்றார்.

அப்பா கையை இறக்கினார். "கப்பலேறுன அன்னைக்கு அண்ணன் கை காட்டலம்மா. முதுகைக் காட்டிக்கிட்டு நின்னுச்சு."

"கோவமாப்பா?"

"தெரியல. இனி யாருகிட்ட கேக்க?"

நாங்கள் திரும்பியபோது குல்லாக்காரரைக் காணோம். வீட்டுக்கு வந்து உலை வைத்தேன். அழுகை அப்போதும் வரவில்லை.

இப்போதெல்லாம் பஸ் ஜன்னலிலிருந்து யார் கையசைத்தாலும், எனக்கில்லை என்று தெரிந்தும், நானும் கையசைக்கிறேன். பஸ் வளைவில் மறையும்வரை அசைக்கிறேன்.