நாலு காக்கட் காய்

பூ என்றால் வாசனை இருக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் ஷெவளாவைப் பார்த்தால் ஏமாந்துபோவார்கள். முதல் மழை விழுந்த நாலைந்து நாளில், இலை வருவதற்கு முன்பே, மலைச்சரிவில் மண்ணைப் பிளந்துகொண்டு ஒற்றைத் தண்டாக நிற்கும். கருஞ்சிவப்பு மடல், அதற்குள் விரல் போல ஒரு குருத்து. செம்பூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னாலிருந்த குன்றில் அது முளைக்கும் என்பது எங்கள் சந்தில் ஒருத்திக்குத்தான் தெரியும். பக்கத்து வீட்டு மராத்திக்காரி. அவளை மவ்ஷி என்போம்; சித்தி என்று அர்த்தம்.

மோனோரயிலுக்குத் தூண் நட்டுக்கொண்டிருந்த வருடம் அது. எனக்குப் பத்து வயது. அம்மா மாட்டுங்காவில் நாலு வீடுகளில் பாத்திரம் தேய்த்தாள். அவள் திரும்பும்வரை தம்பியை மவ்ஷிதான் வைத்துக்கொள்வாள். அதனால்தான் நான் பள்ளிக்கூடம் போக முடிந்தது. ஒவ்வொரு மழைக்கும் மவ்ஷி ஷெவளாவைச் சமைத்து ஒரு டப்பாவில் கொடுத்தனுப்புவாள். ஆட்டுக்கறி போலவே இருக்கும். அப்பா விரலை நக்கிவிட்டு, "இத மாதிரி நீயும் ஒரு நாளு வையி பாப்போம்" என்று அம்மாவைச் சீண்டுவார்.

அந்த வருடம் மவ்ஷிக்குக் காய்ச்சல். இந்தத் தடவை நானே வைக்கிறேன் என்றாள் அம்மா. மவ்ஷியோடு இரண்டு முறை மலையேறியிருந்ததால் பறிக்க நான் கிளம்பினேன். மவ்ஷி படுத்தபடியே இந்தியில் சொல்லிக்கொடுத்தாள். பிணவாடை அடித்தால் அது வேறு பூ, விட்டுவிடு. மடலைப் பிரித்து உள்ளே மஞ்சளாக இருப்பதைக் கிள்ளி எறிந்துவிடு. திரும்பும்போது கல்குவாரிப் பள்ளத்துக்கு அந்தப் பக்கம் நிற்கும் மரத்தில் காக்கட் காய் பறி. அந்தப் புளிப்புக் காய் சேராவிட்டால் தொண்டை அரிக்கும். "காக்கட் நஹி தோ பாஜி நஹி", காக்கட் இல்லாவிட்டால் சமையலே இல்லை என்று என் காதைத் திருகித்தான் அனுப்பினாள்.

பூ நிறையக் கிடைத்தது. பள்ளத்தைச் சுற்றிப் போகும் நேரத்தில் மழை வலுத்தது. கீழே பிள்ளைகள் மழையில் ஆடும் சத்தம் மேலே வரை கேட்டது. காய் பறிக்காமலே வீட்டுக்கு இறங்கிவிட்டேன்.

அம்மா பூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஏட்டி, இதுல வேற என்னமும் போடணும்னு அவ சொன்னாளா?"

"ஒண்ணுஞ் சொல்லல."

"கருணைக்கெழங்குக்குத் தங்கச்சி மாதிரில்லா இருக்கு. புளிய ஊத்துனா அடங்கிரும்."

அடங்கவில்லை. இரண்டாவது வாயிலேயே அப்பா தொண்டையைப் பிடித்துக்கொண்டார். தம்பி உதடு வீங்கி வீறிட்டு அழுதான். அப்பா என் பிடரியைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு மவ்ஷி வாசலுக்குப் போனார். சந்தே கூடிவிட்டது.

"பிள்ளையப் பாக்கேன் பாக்கேன்னு வெஷத்தக் குடுத்துட்டியே."

மவ்ஷி கம்பளியைப் போர்த்திக்கொண்டு எழுந்து வந்தாள். அப்பாவைப் பார்க்கவில்லை. "காக்கட் டாலா?", காக்கட் போட்டீர்களா என்று என்னைக் கேட்டாள்.

"நீங்க சொல்லவேயில்லையே" என்றேன், தொண்டை அரிக்க அரிக்க.

என் பிடரியிலிருந்த அப்பாவின் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, "பூல் கயீ" என்றாள். சொல்ல மறந்துவிட்டாளாம். காய்ச்சலாம்.

தம்பிக்கு மறுநாள் சரியாகிவிட்டது. ஆனால் அம்மா அவனை அந்த வீட்டில் விடவில்லை. மவ்ஷியிடம் பிள்ளை விட்டுவந்த மற்ற இரண்டு வீட்டாரும் நிறுத்திக்கொண்டார்கள். தம்பியைப் பார்க்க நான் வீட்டில் இருந்தேன். பள்ளிக்கூடம் அத்தோடு சரி. தீபாவளிக்கு முன் மவ்ஷி வீட்டைக் காலி செய்தபோது அம்மா கதவைச் சாத்திக்கொண்டாள். அதன்பிறகு நான் கோவண்டி, நாசிக், பன்வேல் என்று எங்கெங்கோ சமையல் வேலை பார்த்துவிட்டேன்.

முதல் மழைக்குப் பின் பன்வேல் சந்தையில் மலைக்காரப் பெண்கள் ஷெவளாவைக் கட்டுக்கட்டாக விற்பார்கள். ஒவ்வொரு கட்டின் மேலும், நாம் கேட்காமலே, நாலு காக்கட் காயை வைத்துத் தருவார்கள். ஒருத்தியும் மறந்து நான் பார்த்ததில்லை. காய்ச்சலில் கிடந்தாலும் மறக்க மாட்டார்கள்.

பத்து வயதில் எனக்கு அது தெரியாது. காதைத் திருகிச் சொன்னதையே காய்ச்சலில் மறந்துவிட்டாள் என்று நம்பினேன். நல்லவேளை மறந்தாள் என்று நினைத்துக்கொண்டு அன்று நன்றாகத் தூங்கினேன்.