நான்கு கட்டையில் கேட்ட கிதார்

அந்த ஆங்கிலேய ராக் குழுவின் முதல் கிதார் கலைஞர் இறந்த செய்தியை, மும்பையின் மாட்டுங்கா நிலையத்தில் வண்டிக்குக் காத்து நின்றபோது கைபேசியில் படித்தேன். ‘முன்னாள் உறுப்பினர்’ என்று அவரை முடித்திருந்தார்கள். தொடக்கத்து இசைத்தட்டுகளில் வாசித்துவிட்டு அவர் விலகிக்கொண்டார்; குழு புகழ் பெற்றது அதற்குப் பிறகு. இன்று பெரும்பாலோர் அறிந்தது அவருக்குப் பின் வந்தவரின் வாசிப்பை. எங்களுக்கோ முதலாமவரே அந்தக் குழு.

நாங்கள் என்றால் நானும் என் கல்லூரிக் காலத்துத் தோழர் ஒருவரும். சயானில் படித்த காலத்தில், கிங்ஸ் சர்க்கிள் அருகே ஒரு பதிவுக் கடை இருந்தது. வெற்றுக் கேசட்டைக் கொடுத்தால் இசைத்தட்டிலிருந்து பதிவு செய்து தருவார்கள். என் வீணை ஆசிரியைக்காக ஒரு கச்சேரிப் பதிவை வாங்கச் சென்றிருந்தேன். கடையில் அந்தக் கிதார் ஒலித்துக்கொண்டிருந்தது. எனக்கு முன்னால் நின்ற இளைஞர், கடைக்காரர் எதையோ கேட்டதற்கு விடை சொல்லாமல் அதையே கேட்டுக்கொண்டிருந்தார். அவருடையது தாராவியில் தோல் பைகள் செய்யும் பட்டறைக் குடும்பம்; பூர்வீகம் திருநெல்வேலி. அந்தக் கேசட்டை இருவருமாகச் சேர்ந்து வாங்கினோம். அன்று முதல் அவர் எனக்கு ‘பாய்’. நான் அவருக்கு, அந்த வயதிலேயே, ‘மாமி’.

முதல் இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுவதும் ஒரே உருப்படி. அதன் நடுவில் வரும் தனி வாசிப்பில், மெல்லிய தந்திகளில் இசை உயரத்தில் அலையும்போது, அடியில் ஒரு தடித்த சுரம் இடையறாது ஒலிக்கும். சுருதிப் பெட்டியோடு ஒத்துப் பார்த்தேன்: சுருதி நான்கு கட்டை. கிதாரின் தடித்த தந்தியை வெறுமனே மீட்டினால் வருவது அதற்குச் சற்றுக் கீழான மூன்று கட்டை. நான்கு வேண்டுமானால் தலைப்பக்கத்து முதல் மெட்டில், அதாவது முதல் குறுக்குக் கம்பியில், விரலை அழுத்தியே வைத்திருக்க வேண்டும். அதே கை மறுகோடியில் எப்படி அலையும்? ஆகவே அவை இரண்டு கிதார்கள் என்று முடிவு கட்டினேன். தந்தியையே சற்று ஏற்றிக் கட்டியிருக்கலாம் என்பது எனக்குத் தோன்றவில்லை. ஆளுக்கொரு கிதார் வாங்கிப் பழகி, மேலே நான் வாசித்தேன், கீழே பாய். பட்டறைக்கு விடுமுறையான ஞாயிறுகளில், திருமணங்கள், வேலை மாற்றங்கள் எல்லாவற்றுக்கும் இடையில், அப்படியே வாசித்து வந்தோம்.

“மேல மாமி ஊர்வலம் போறீக. நான் கீழ ஒரே எடத்துல உழுதுட்டுக் கெடக்கேன்” என்பார். ஆயினும் ஒரு ஞாயிறும் தவறியதில்லை.

இறந்தவருக்கு அஞ்சலியாக மாட்டுங்காவில் ஒரு சிறு அரங்கில் இசை நிகழ்ச்சியை ஏற்பாடு செய்தவர் செம்பூரில் வசிக்கும் இளம்பெண். மென்பொருள் அலுவலகத்தில் பணி, கீபோர்டு வாசிப்பவர். முதல் இசைத்தட்டின் அந்த உருப்படியை நாங்கள் வாசிப்போம் என்றேன்.

“முழுசா வேணாம் ஆன்ட்டி. பப்ளிக் போர் ஆயிடும். எல்லாரும் லேட்டஸ்ட் சாங்ஸ்தான் கேக்கறாங்க.”

“அஞ்சலி யாருக்கு? போனவருக்கா, வந்தவருக்கா?” என்று கேட்டேன். அவர் ஒத்துக்கொண்டார்.

ஒத்திகை செம்பூரில், அவர் வீட்டில். தொடங்கிய உடனேயே அவர் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

“ஏக் மினிட், ஆன்ட்டி. நீங்க ரெண்டு பேரும் வேற ஸ்கேல்ல போறீங்க.”

“நாங்க சரியாத்தான் வாசிக்கறோம். நாலு கட்டை.”

அவர் கைபேசியில் அசலை ஒலிக்கவிட்டார். மூன்று கட்டை. அந்தக் கடையில் இசைத்தட்டு சற்று விரைந்து சுழன்றிருக்கிறது. அதிலிருந்து பிறந்த எங்கள் கேசட்டில் சுருதி ஏறிவிட்டது. கைபேசியில் அப்பாட்டு கிடைக்கத் தொடங்கி வெகு காலம் ஆகிறது. மனப்பாடமானதை எதற்குக் கேட்பது என்று இருந்துவிட்டோம். ரயில் இரைச்சலில் ஓரிரு முறை கேட்டபோதும் என் செவி நான்கு கட்டையையே கேட்டது.

உடனே சோதித்துப் பார்த்தேன். தடித்த தந்தியை எதையும் அழுத்தாமல் கட்டைவிரலால் தட்டிக்கொண்டே மேலே வாசித்தேன். அனைத்தும் ஒரே கிதாரில் வந்தன.

பாயின் விரல் இன்னும் முதல் மெட்டின்மேல் இருந்தது.

“அப்ப அவரு ஒத்தையாத்தான் வாசிச்சிருக்காரு.”

“ஆமாம், பாய்.”

“அப்ப நான் இம்புட்டு நாளா என்னத்த வாசிச்சேன்?” என்று சிரித்தார். சிரித்தபடியே கிதாரை உறைக்குள் வைத்தார்.

“நோ ப்ராப்ளம் அங்கிள், கீபோர்டுல ஒரு பட்டன்தான். உங்க ஸ்கேலுக்கு நான் வந்துடறேன்” என்றார் அந்தப் பெண்.

“வேண்டாம்மா. அவரு வாசிச்ச மாதிரிதான் வாசிக்கணும். மாமி ஒத்தையா வாசிக்கட்டும்.”

பாய் சொன்னதில் பிழையில்லை. சுருதி பிசகிய அஞ்சலியை என்னாலும் ஏற்க இயலாது. ஆனால் அவர் இல்லாத மேடையையும் ஏற்பதில்லை என்று உறுதி கொண்டேன். மறுநாள் அலுவலகத்துக்கு விடுப்புச் சொல்லிவிட்டுத் தாராவிக்குச் சென்றேன். பட்டறையில் தையல் இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. தோலுக்குப் பசை தடவியவாறே அவர் பேசினார்.

“மேடைக்கு நான் என்னத்துக்கு? பக்கத்துல நின்னு கை தட்டவா?”

“கீழ்ச்சுரம் நீங்களே வாசியுங்கோ. மூணு கட்டையிலே.”

“வெறுந்தந்தியத் தட்டுததுக்கு ஒரு ஆளா? பாக்கவன் சிரிப்பான், மாமி.”

“சரி. அந்தத் தனி வாசிப்பு ரெண்டு சுத்து வருமில்லையா? முதல் சுத்து நான். ரெண்டாவது நீங்க. மேலேயும் கீழேயும், முழுக்க.”

பசைத் தூரிகை நின்றது.

“மேல நான் ஒரு நாளும் வாசிச்சதில்லயே.”

“இத்தனை வருஷமா கேட்டிருக்கேள்.”

“கேக்கது வேற. கீழ கெடந்தவன மேல ஏத்துதீக. விழுந்தா?”

“விழுந்தா மேடையிலே விழுங்கோ. இங்கே உக்காந்துண்டு விழ வேண்டாம், ஆக்கும்.”

அன்று மாலையே தொடங்கினோம். அவரது இடக்கை விரல்கள் மேல் மெட்டுகளில் திணறின. என் இடக்கையோ பழக்கத்தால் ஒரு மெட்டு தள்ளியே சென்று இறங்கியது. கட்டைவிரலும் காலம் தவறியது. “மாமி, கீழ உழவு நிக்குது” என்று அவர் என்னைத் திருத்த, “பாய், அந்தச் சுரத்தை இழுக்கணும், அழுத்தப்படாது” என்று நான் அவரைத் திருத்தினேன். பட்டறையில் வேலை செய்வோர் எங்களிடம் கெஞ்சினார்கள்: வேறு ஏதாவது பாட்டு வாசியுங்கள்.

அரங்கில் கூட்டம் சுமாராக இருந்தது. என் சுற்றைப் பிசகின்றி முடித்து, தந்திகளின் மேல் உள்ளங்கையை வைத்து ஒலியை அடக்கினேன். அவர் தொடங்கினார். அவருடைய கட்டைவிரலில் பிறந்த அந்த அடிச்சுரத்தின் நிதானம் எனக்கு என்றும் வாய்க்காது. மேலே இரண்டாம் வரியில் ஒரு சுரம் தவறியது. கீபோர்டில் அதை மூடிவிடவா என்பதுபோல் அந்தப் பெண் என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று தலையசைத்தேன். பாய் அடிச்சுரத்தை விடாமல் ஒலித்துக்கொண்டே அவ்வரியின் தலைக்குத் திரும்பினார், மீண்டும் எடுத்தார், இம்முறை அது சரியாக வந்தது. அசலைவிட மெதுவாக, கீபோர்டைத் தன் காலத்துக்குக் காத்திருக்கச் செய்து, சுற்றை முழுவதும் வாசித்து நிறுத்தினார்.

கைதட்டல் ஓயுமுன் அடுத்த பாட்டுக்கான தாளை அந்தப் பெண் புரட்டினார். பாய் என் பக்கம் சாய்ந்தார். நெற்றியில் வியர்வை.

“மாமி, அந்த ரெண்டாவது வரி மனசுக்குச் சரியா வரல. இன்னொரு மட்டம் வாசிக்கட்டுமா?”

“வாசியுங்கோ” என்றேன்.