மூன்றாம் தரம் கூப்பிட்டால்தான் வருவார்கள்

வாசலில் நின்று வீட்டுக்காரரின் பெயரை உரத்துக் கூப்பிட வேண்டிய உத்தியோகம் எதையும் ஏற்காதீர்கள். தபால்காரரும் புடவை மூட்டைக்காரரும் என் கட்சிதான். அவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. சூறாவளி அடித்த பிறகு வந்த மாரி மழையில் எங்கள் கடற்கரைப் பக்கம் வாந்திபேதி பரவியது. கிணறுகளுக்கு குளோரின் தூள் போடவும், நோயில் படுத்தவர்களைக் கண்டுபிடித்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பவும் என்னைத் தற்காலிகமாகச் சேர்த்துக்கொண்டார்கள். வாளியும் கையுமாகச் சைக்கிளில் திரிந்தேன்.

சாக்குக்குக் கீழே கால்கள்

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணின் சீதனம். ஆனாலும் வேலிக் கடப்படியில் நின்று கூப்பிடுவது ஆணின் பெயரைத்தான், அண்ணன் முறைக்குக் 'காக்கா' சேர்த்து. முதல் நாள் நல்ல பகலில் இருபக்கமும் வேலி அடைத்த ஓர் ஒழுங்கைக்குள் நுழைந்தேன். பிள்ளைகளின் சத்தம் இல்லை. அடுப்புப் புகை எழும்பிக்கொண்டிருந்தது, ஆளைக் காணோம். "மீராசாகிபு காக்கா" என்று கூப்பிட்டேன். வாசலில் தொங்கிய சாக்குக்குக் கீழே இரண்டு கால்கள் தெரிந்தன. அசையவில்லை. மறுபடி கூப்பிட்டேன். கால்விரல்கள் மட்டும் மண்ணை இறுக்கிப் பிடித்தன. எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. மூன்றாம் தரம் கத்தினேன். மனிதர் சாக்கை விலக்கி, சாரனைச் சரிசெய்தபடி சிரித்த முகத்தோடு வந்தார்.

காது கேட்காதா என்று கேட்டேன்.

"அந்தப் பேதி வருத்தம் ரெண்டு தரந்தான் தம்பி கூப்பிடும். ஓம் எண்டு பதில் சொன்னவன புடிச்சிரும். மூணாந்தரம் கூப்பிட அதுக்கு ஏலா."

நான் வராத நாள்

மூன்று தரம்தானே என்று மூச்சுவிடாமல் அடுக்கிக் கூப்பிடப் பழகிக்கொண்டேன். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை, அந்தப் பக்கம் போகவில்லை. சனிக்கிழமை போனால், மீராசாகிபு காக்கா மூன்றாம் கூப்பாட்டுக்கும் வரவில்லை. வேலி இடுக்கால் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுத்தான் வெளியே வந்தார். நேற்று அசர் தொழுகைக்குப் பிறகு வந்து, இரண்டு தரம் கூப்பிட்டுவிட்டு ஏன் போய்விட்டீர்கள் என்று கேட்டார். பக்கத்து வீட்டு வளவுகளிலும் கேட்டதாம். நான் இந்தப் பக்கமே வரவில்லை என்று சத்தியம் பண்ணினேன். அவர் ஒழுங்கையைத் திரும்பிப் பார்த்தார். படித்தவன் என்று பேர், நானும் திரும்பிப் பார்த்தேன்.

"அப்ப அது உங்கட குரலையும் படிச்சிட்டு."

வண்டிலில் போனவர்

கடைசி வளவு இஸ்மாயில் காக்காவுடையது. கரைவலை இழுக்கிறவர். ஒரு நாள் நான் ஒழுங்கைக்கு வரும்போது வெயில் ஏறிவிட்டது. அவர் வரிப்பத்தான்சேனைக்கு வெள்ளாமை வேலைக்குப் போய்விட்டார் என்று மனைவி கதீஜா ராத்தா சொன்னார். ஆனால் வேலியில் கழுவிய பாய்கள் வரிசையாகத் தொங்கின. உள்ளே ஒரு முனகல். எனக்கு விளங்கிவிட்டது.

உடம்பின் நீரெல்லாம் போய்க்கொண்டிருக்கிறது, பின்னேரம் வரைக்கும் தாங்காது, இப்போதே கொண்டுபோனால் சேலைன் ஏற்றிப் பிழைக்கவைக்கலாம் என்று கெஞ்சினேன். ராத்தாவின் பயம் வேறாக இருந்தது. ஆஸ்பத்திரியில் உயிர் பிரிந்து மௌத்தானால் மையத்தை மார்க்க முறைப்படி குளிப்பாட்டாமல் அப்படியே அடக்கிவிடுவார்களாமே என்றார். அப்படி ஏதும் நடந்தால் நானே நின்று குளிப்பாட்ட வைப்பேன் என்று வாக்குக் கொடுத்தேன். அதன் பிறகுதான் தலையாட்டினார்.

ஓடிப்போய் ஒரு மாட்டு வண்டிலைப் பிடித்து வந்தேன். கடப்படியில் நின்று அவர் பெயரைக் கூப்பிட்டேன். முதல் தரத்துக்கே உள்ளேயிருந்து "ஓம்" என்று பதில் வந்தது. திறந்த வாசலால் பார்த்தேன், ராத்தா பாய்ந்து அவர் வாயைப் பொத்தினார், ஆனால் பிந்திவிட்டது. வண்டிலில் ஏற்றும்போது அவர் கண்கள் குழிவிழுந்திருந்தன. பயப்படாதீர்கள், கூப்பிட்டது நான்தான் என்று அவர் காதோடு சொன்னேன்.

"தெரியும் தம்பி. விடியச் சுபஹுக்கும் நீங்கதானே வந்து கூப்பிட்டீங்க. அப்பவே ஓம் எண்டு செல்லிட்டன்."

கிணற்றடி

அவர் பிழைக்கவில்லை. ஊசி ஏற்ற நரம்பு அகப்படவில்லை என்றார்கள். ஒரு நாள் முந்திக் கொண்டுவந்திருந்தால் என்று நினைக்க நினைக்க எனக்கு அந்த ஒழுங்கை முழுவதன்மேலும் ஆத்திரம் வந்தது. மையத்தைக் கட்டி நேரே மையவாடியில் அடக்கும்படி சொன்னார்கள். சுகாதாரப் பரிசோதகரின் காலில் விழாத குறையாக மன்றாடினேன். கடைசியில், குளோரின் கலந்த தண்ணீரில் குளிப்பாட்டச் சம்மதித்தார். நானும் ஒருவனாக நின்று தண்ணீர் ஊற்றினேன். அழுதேன், அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அடுத்த வாரம் கிணற்றுக்கு மருந்து போட அந்த வளவுக்குப் போக வேண்டியிருந்தது. ராத்தா கணவனுக்காக இத்தா இருந்தார். அந்நிய ஆணின் முன் வரமாட்டார். உள்ளே போகுமுன் குரல் கொடுக்க வேண்டுமே. பழக்கதோஷம், என் வாய் தன்பாட்டில் "இஸ்மாயில் காக்கா" என்று கூப்பிட்டுவிட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டு, வாளியோடு அப்படியே நின்றேன். வீட்டுக்குள்ளேயிருந்து ராத்தாவின் குரல் மெல்ல வந்தது.

"இன்னும் ரெண்டு தரம் கூப்பிட்டுப் பாருங்க தம்பி."

மறுநாளே சைக்கிளுக்கு ஒரு மணி வாங்கிப் பூட்டினேன். அதற்கு யாருடைய பெயரும் தெரியாது.