பலகை சுத்தமாகும்வரை

என் அக்கா கம்ப்யூட்டர் டீச்சர். அவள் பள்ளியில் கம்ப்யூட்டர் கிடையாது. நீள மேசைகள் வந்தன, பிளக் பாயின்ட்டுகள் வந்தன, அறைக்கு ஒரு பூட்டும் வந்தது. வரவேண்டியது மட்டும் வரவில்லை. வேறு யாராவது என்றால் பிள்ளைகளைத் தலை கவிழ்த்துத் தூங்கச் சொல்லியிருப்பார்கள். இவள் தானே மிஷினாகிவிட்டாள்.

பிள்ளைகள் கட்டளைகளை அட்டைகளில் எழுதிச் சுவரில் வரிசையாக ஒட்டுவார்கள். அக்கா அட்சரம் பிசகாமல் செய்வாள். ‘நட’ என்று எழுதி ‘நில்’ என்று எழுத மறந்தால், சுவரில் முட்டிக்கொண்டு காலை ஆட்டிக்கொண்டே இருப்பாள். கத்தினால் காதில் விழாது. எந்த அட்டையில் தப்பு என்று கண்டுபிடித்துத் திருத்த வேண்டும். வீட்டிலும் இந்த வியாதி உண்டு. “பால் பொங்கினா சொல்லுக்கா” என்றேன் ஒருநாள். “பொங்கிடுச்சு” என்று சொல்லிவிட்டு அடுப்பருகே சும்மா நின்றாள். அணைக்க நான் சொல்லவில்லையாம்!

அதே பள்ளியில் நான் தமிழ் சொல்லித்தருவதால் அவள் கூத்தை எனக்கு அங்கேயும் பார்க்க வேண்டிய தலையெழுத்து.

புதிய அதிகாரி பார்வையிட வருகிறார் என்றதும் தலைமையாசிரியை அக்காவைக் கூப்பிட்டு முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். “அவருக்குப் பிடிக்கலைன்னா உங்க பீரியடைக் கணக்குக்குக் கொடுத்துடுவேன் டீச்சர். அவர்கிட்டயும் சொல்லிட்டேன். கம்ப்யூட்டர் இல்லாத கம்ப்யூட்டர் கிளாஸை எத்தனை நாள் சமாளிக்கிறது?” அன்று அக்கா சரியாகச் சாப்பிடவில்லை. அந்த வகுப்பு என்றால் அவளுக்கு உயிர்.

அதிகாரி வந்த அன்று, பூட்டிக் கிடந்த கம்ப்யூட்டர் அறையைத் திறந்து வகுப்பை அங்கே நடத்தச் சொன்னார்கள். வந்தது வினை. தங்கள் வகுப்பறையில் பழகிய அட்டைகளையே பிள்ளைகள் கொண்டுவந்து ஒட்டினார்கள்: ‘டஸ்டரை எடு.’ ‘பலகை சுத்தமாகும்வரை துடை.’ அங்கே அது ஒழுங்காக நடந்தது. இந்தப் பலகையின் மூலையிலோ, கதவுக்கு அடித்த பச்சைப் பெயின்ட் ஒரு கை அகலத்துக்குக் காய்ந்து கிடந்தது.

அக்கா துடைத்தாள். துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள்.

“போதும் டீச்சர், புரிஞ்சிடுச்சு” என்றார் அதிகாரி. மிஷின் திரும்பக்கூட இல்லை. வேடிக்கை பார்க்க வந்து வாசலில் நின்ற என்னைத் தலைமையாசிரியை கண்ணாலேயே எரித்தார். அக்காவுக்கு வலது தோளில் ஏற்கெனவே பிடிப்பு. பிடித்து இழுத்து உட்காரவைத்து நாலு அறை விடலாமா என்றிருந்தது எனக்கு.

முன்வரிசைப் பையன் ஒருவன் ஓடிப்போய்க் கறையின்மேல் ஒரு சார்ட்டை ஒட்டினான். கறை தெரியவில்லை, அக்கா நின்றாள். வகுப்பே கைதட்டியது.

“அதெப்படி? கறை அங்கேயேதானே இருக்கு? இது அழுகுணி ஆட்டம்!” என்று எழுந்தது வேறு யாருமல்ல, அதிகாரிதான். அவரே போய்ச் சார்ட்டைப் பிய்த்தார். அக்கா மறுபடி துடைக்க ஆரம்பித்தாள்.

எந்நேரமும் நகம் கடித்துக்கொண்டிருக்கும் ஒரு பெண், பேனாவோடு சுவருக்குப் போனாள். அட்டையில் இருந்ததற்குக் கீழே எழுதினாள்: ‘அல்லது தோள் வலிக்கும்வரை.’

அதிகாரி சிரித்தார். “மிஷினுக்கு எங்கேம்மா தோள் வலிக்கும்?”

“எங்க மிஷினுக்கு வலிக்கும் சார். முகத்தைப் பாருங்க.”

அக்கா அட்டையைப் படித்தாள். டஸ்டர் அந்த நொடியே கீழே விழுந்தது. கண் கலங்கியதற்குச் சாக்பீஸ் தூசிதான் காரணம் என்று இன்றுவரை சாதிக்கிறாள்.

வெளியே போகும்போது அதிகாரி தலைமையாசிரியையிடம் சொன்னார். “கணக்குக்கு வேற பீரியட் பாருங்கம்மா.”

சாயங்காலம் வீட்டில் அவள் தோளுக்குத் தைலம் தேய்த்தேன். திட்டிக்கொண்டேதான். கொஞ்ச நேரத்தில் “போதும்டி” என்றாள்.

“வாயால சொன்னா கேக்காது. எதுவரைக்கும்னு அட்டையில எழுது.”

சிரித்தாள். “உனக்குக் கை வலிக்கிற வரைக்கும்.”

கை வலித்தது. ஆனாலும் தேய்த்துக்கொண்டே இருந்தேன்.