எஸ்றா தண்ணீரில் இறங்கினார்

கழுத்தளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு, வள்ளத்தின் விளிம்பை இரண்டு கையாலும் கெட்டியாகப் பிடித்திருக்கிறார் எஸ்றா. பதினேழு நாளாக விடியற்காலையில் இதே கூத்துதான். "அண்ணாச்சி, கைய விடுங்க. கடலு உங்கள முழுங்கிறாது" என்கிறார் வள்ளக்காரர் தொம்மை. ஆழக் கடலில் சங்கு குளிக்கிற மனிதர் அவர். எஸ்றா விடுவதாக இல்லை.

நாசரேத்துக்காரர். யுத்த காலத்தில் அவசர அவசரமாக ஆள் எடுத்தபோது கடற்படையில் சேர்ந்து, ஆறு வருஷம் கப்பலில் எழுத்தராக இருந்தவர். பர்மாக் கரை வரை போய்வந்தும் நீச்சல் தெரியாது. "கப்பலு நீந்துதுல்லா, நான் வேற எதுக்கு நீந்தணும்?" என்று தொம்மையிடம் மட்டும் ஒப்புக்கொண்டார்.

இப்போது குடியிருக்கிற மில்லர்புரத்தில் யாருக்கும் இது தெரியாது. வீட்டு முற்றத்தைக் கப்பல் தளம் மாதிரி 'டெக்' என்பார். சனிக்கிழமைதோறும் வெள்ளைக் கைக்குட்டையால் அடுப்படி அலமாரியைத் தடவி அழுக்குப் பார்ப்பார். "வெள்ளைக்காரன் போயி எட்டு வருசமாச்சு, இந்த மனுசன் இன்னும் போகல" என்பாள் மனைவி ஞானபாக்கியம்.

இப்போது முத்துக்குளிப்பு மறுபடி தொடங்கப்போகிறது. அதற்கான காவல் படகுக்கு மேற்பார்வையாளர் வேண்டுமென்று மீன்துறை கேட்டதும், கடற்படைக்காரர் என்று இவர் பெயரைத்தான் முதலில் எழுதினார்கள். மறுபடியும் கடல்! சந்தோஷத்தில் மனிதருக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் அதிகாரி முன்னால் ஐம்பது கெஜம் நீந்திக் காட்ட வேண்டும். தவறினால் வேலையோடு மானமும் போகும்.

பதினெட்டாம் நாள் கையை விட்டார். வயிறு நிறைய உப்புத்தண்ணீர் குடித்தார். இருபத்தைந்தாம் நாள் பரீட்சை.

பாதி மில்லர்புரம் கரையில் நின்றது. "எங்க வீட்டுக்காரருக்கு இதெல்லாம் தண்ணி பட்ட பாடு" என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் பெருமையடித்துக்கொண்டிருந்தாள் ஞானபாக்கியம். சற்றுத் தள்ளி வள்ளத்தில் துடுப்பைக் கையில் எடுத்துத் தயாராக இருந்தார் தொம்மை.

எஸ்றா அதிகாரியின் படகிலிருந்து குதித்தார். முதலில் ஆளையே காணோம். பிறகு நரைத்த தலை தெரிந்தது. கை ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமும் போனாலும் ஆள் எப்படியோ முன்னால் நகர்ந்தார். முப்பது கெஜம். நாற்பது. ஐம்பதில் கட்டியிருந்த மிதவையைத் தொட்டார். தொட்டேவிட்டார்! கரையில் சீழ்க்கை பறந்தது.

அவரை ஏற்றிக்கொள்ள அதிகாரியின் படகு நெருங்கியது. அப்போது எஸ்றாவின் கை தண்ணீருக்கு மேலே உயர்ந்து படபடவென்று ஆடியது. ஆள் முங்குகிறார் என்று பதறி, தொம்மை சட்டையைக் கழற்றி எறிந்து பாயப் போனார். படகு இன்னும் கிட்டே வர, அந்தக் கை 'போ, போ' என்று அதை விரட்டியது. மிதவையைக் காலால் உந்திவிட்டு, எஸ்றா கரையைப் பார்த்துத் திரும்பி நீந்த ஆரம்பித்தார்.