பூவரசு நிறுத்தம்

தாணப்பன் பதினெட்டு வருஷமாக ஒரே மினி பஸ்தான் ஓட்டுகிறான். வட்டக்கோட்டையிலிருந்து கன்னியாகுமரி, கன்னியாகுமரியிலிருந்து வட்டக்கோட்டை. அதற்கு முன் ஆறு வருஷம் சவூதியில், தம்மாமில் டிரெய்லர் ஓட்டினான். அங்கே ரோடு நேராகப் போய்க்கொண்டே இருக்கும். பேச்சுத் துணைக்கு ஒரு நாதி கிடையாது. ஊருக்குத் திரும்பி இந்த வண்டியில் ஏறி உட்கார்ந்த முதல் நாளே முன்சீட்டில் இருந்த ஒருத்தி, "ஆருக்க மவன் நீ?" என்று கேட்டாள். அத்தோடு அவனுக்கு வெளிநாட்டு ஆசை விட்டுப்போயிற்று.

சுசீந்திரம் பக்கத்து வயல்காரக் குடும்பம். பாகம் பிரித்துப் பிரித்து அவன் பங்குக்கு வந்த வயலில் மாட்டைக் கட்டினால் வால் அடுத்தவன் வயலில் கிடக்கும். ஆகவே ஸ்டியரிங்தான் சோறு. மனைவி அழகியநாயகி, நர்ஸிங் கடைசி வருஷம் படிக்கும் மகள் ரஷ்மி, இரண்டு பேருக்கும் அந்த ஸ்டியரிங்தான்.

மினி பஸ்ஸுக்கென்று ஒரு வழக்கம் உண்டு. பெர்மிட்டில் எழுதிய நிறுத்தம் எட்டு. ஆள் இறங்கும் நிறுத்தம் இருபது. கண்டக்டர் ஜெஸ்பின் "டீச்சர் வீடு" என்றோ "உப்பளம் முக்கு" என்றோ குரல் கொடுப்பான். இறங்க வேண்டியவர் எழுந்திருக்கும் முன்பே தாணப்பனின் கால் பிரேக்குக்குப் போயிருக்கும். கடற்கரைச் சாலையில் 'பூவரசு' அப்படி ஒரு நிறுத்தம். அங்கே இறங்குவது சத்தியபாய் ஒருத்திதான். அறுபத்திமூன்று வயது. பூவரசை ஒட்டிய சந்தில் இருக்கும் லாட்ஜில் காய்கறி நறுக்கும் வேலை. முட்டு வலிக்காரி. ஏறும்போது கர்த்தருக்கு ஒரு ஸ்தோத்திரம், இறங்கும்போது தாணப்பனுக்கு ஒரு "வாறேன் மக்கா".

பிறகு சாலையை அழகாக்குகிறோம் என்று வந்தார்கள். ஒன்றரை வருஷம் தோண்டினார்கள். பூவரசு போயிற்று; அது நின்ற இடத்தில் தொட்டியில் ஒரு பனங்கன்று மாதிரி ஏதோ வந்தது. நடைபாதையில் கருங்கல் பாவினார்கள், ஒன்பது மணிக்கே அதில் தோசை சுடலாம். பஸ் நிறுத்தத்தை நானூறு அடி தள்ளி, கண்ணாடியில் கூரை போட்டு வைத்தார்கள். வெயிலுக்கு ஒதுங்கும் கூரையைக் கண்ணாடியில் போட்ட புத்திக்கு என்ன பேர் வைப்பது? எல்லாவற்றுக்கும் மேலாக, பஸ் போகும் ரோட்டுக்கும் நடைபாதைக்கும் நடுவே பச்சைச் சாயம் பூசி ஒரு சைக்கிள் பாதை. ஓரத்தில் வரிசையாகப் பிளாஸ்டிக் குச்சிகள். அதில் சைக்கிளை ஒருவரும் கண்டதில்லை. வாடகை ஸ்கூட்டர் எடுத்த சுற்றுலாக்காரர்கள், நெரிசலில் வேன்கள் நிற்கும்போது, அந்தப் பாதையில் பறந்தார்கள்.

மரம் போனாலும் ஜெஸ்பின் வாயில் 'பூவரசு' போகவில்லை. சத்தியபாயின் முட்டும் நானூறு அடி திரும்பி நடக்கச் சம்மதிக்கவில்லை. தாணப்பன் பழையபடி அங்கேயே நிறுத்தினான், இரண்டு குச்சிகளுக்கு நடுவே வாசல் வரும்படி பார்த்து.

மாசி மாதத்தில் ஒரு காலை அப்படித்தான் நிறுத்தினான். வலப்பக்கக் கண்ணாடியைப் பார்த்தான். வேன் எதுவும் ஒட்டி வரவில்லை. இடப்பக்கக் கண்ணாடியைப் பார்க்கவில்லை. பதினெட்டு வருஷமாக இடப்பக்கம் என்பது நடைபாதைதான். வண்டி அதை உரசி நிற்கும். நடுவில் ஒரு நாய் நுழைய இடமிருக்காது. பச்சைச் சாயம் அடித்து எட்டு மாதமாகியும் அவன் கழுத்துக்கு அது தெரியவில்லை. சத்தியபாய் "வாறேன் மக்கா" என்று கால் வைத்தாள். ஸ்கூட்டர் வந்த சத்தம் அவனுக்குக் கேட்கவில்லை, அவள் விழுந்த சத்தம்தான் கேட்டது.

தொடை எலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. ஸ்கூட்டர்காரன் நிற்காமல் போயிருந்தான். நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் அவன் போய்ப் பார்த்தபோது அவள் கையைக் காட்டி அருகே கூப்பிட்டாள்.

"போலீசு வந்து கேட்டாவ. நெரிசல்ல வண்டி ஊந்து போவும்போ நானே சாடி எறங்கினேன்னு சொல்லிட்டேன். நீயும் அதையே சொல்லு."

"அக்கா, நானாக்கும் நிறுத்தினேன்."

"அது கர்த்தருக்குத் தெரியும். போலீசுக்குத் தெரியாண்டாம். உனக்க லைசென்ஸ் போனா அந்தப் பிள்ளைக்க படிப்பு என்னாவும்?" மூச்சு வாங்கிக்கொண்டாள். "ஆனா ஒண்ணு. ரோட்டப் பாக்க ஆளு வருமாம். அவங்ககிட்ட அந்தப் பச்சப் பாதையப் பத்திச் சொல்லு. ஆளு எறங்குத எடத்துல வண்டி பறக்குதுன்னு சொல்லு. எனக்குப் போனது போவட்டும். இன்னொருத்தி விழாண்டாம், கேட்டியா?"

"சொல்லுதேன் அக்கா."

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். சத்தியபாய் கெட்டிக்காரி இல்லை. அதனால்தான் அவள் புளுகை யாரும் சந்தேகப்படவில்லை. ஓய்வுநாள் பள்ளியில் முப்பது வருஷம் பிள்ளைகளுக்குப் பத்துக் கட்டளை சொல்லிக் கொடுத்தவள். அவள் பொய் சொல்வாள் என்று எந்த எஸ்.ஐ. நினைப்பார்?

பங்குனியில் ஆய்வுக்கு மூன்று பேர் வந்தார்கள். முந்தின நாளே வண்டி முதலாளி சுந்தரராஜ் தாணப்பனைக் கூப்பிட்டு உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தார். டீ வாங்கிக் கொடுக்கிற மனிதர் அல்ல அவர்.

"நாளைக்கு வாயைத் தொறக்காண்டாம். அந்த எடத்தப் பத்தி நீ பேசுனா, அங்க ஆளு எறங்குதது உனக்கு எப்படித் தெரியும்னு கேப்பான். அடுத்த கேள்வி, வண்டிய நிறுத்தினியா. உனக்க லைசென்ஸும் போச்சு, எனக்க பெர்மிட்டும் போச்சு."

மறுநாள் வெயிலில் தொப்பி போட்ட ஒருவர் பச்சைப் பாதையை நாடா பிடித்து அளந்தார். இன்னொருவர் தாணப்பனைப் பார்த்து, "இந்த ரூட்ல தினமும் வர்றீங்க. இந்த இடத்துல ஏதும் பிரச்சினை இருக்கா?" என்று கேட்டார். நல்ல மாதிரியாகத்தான் கேட்டார். பேனா கையில் தயாராக இருந்தது. சத்தியபாய் சொல்லச் சொன்னது தாணப்பனுக்கு வாய் வரைக்கும் வந்தது. ரஷ்மியின் முகம் வந்தது. சுந்தரராஜ் பக்கத்தில் நின்று செருமினார்.

"ஒண்ணும் இல்ல சார்," என்றான் தாணப்பன்.

'பயணியின் கவனக்குறைவு' என்று எழுதிக்கொண்டு போனார்கள். அன்று ராத்திரி அவனுக்குச் சோறு இறங்கவில்லை. அழகியநாயகி கேட்டதற்கு, வெயில் என்றான்.

ஆடியில் சத்தியபாய் திரும்ப வேலைக்கு வந்தாள். கையில் கம்பு. ஜெஸ்பின் இறங்கிப்போய்க் கைத்தாங்கலாக ஏற்றினான். முன்சீட்டில் உட்கார்ந்து ஸ்தோத்திரம் சொன்னாள். பூவரசு வந்தபோது பழக்கத்தில் எழுந்து கம்பியைப் பிடித்தாள். ஜெஸ்பின் வாயைத் திறந்து மூடிக்கொண்டான். தாணப்பன் நிறுத்தவில்லை. அவள் கண்ணாடிக் கூரை வரும்வரை நின்றபடியே வந்தாள்.

இறங்கும் முன் எஞ்சின் பெட்டி மேல் கை ஊன்றி, அவன் காதுக்கு மட்டும் கேட்கும்படி கேட்டாள்.

"ரோட்டப் பாக்க வந்தவங்ககிட்ட சொன்னியா, மக்கா?"

அவன் முன்கண்ணாடியைப் பார்த்தபடி இருந்தான்.

"சொன்னேன் அக்கா."

"கேக்கலியா அவங்க?"

"கேக்கல."

அவள் தலையை ஆட்டினாள். சந்தேகம் என்ற ஒன்று அந்த முகத்தில் இல்லை. அவன் தோளில் கை வைத்து, "போவட்டும். நீ சொல்லியாச்சுல்லா, அது போதும். நீ மனசப் போட்டு அலட்டாத," என்று ஆறுதல் சொன்னாள். ஆறுதல் சொன்னதுதான் அவனுக்குப் பொறுக்கவில்லை. கூப்பிட்டு உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று வாய் துடித்தது. அதற்குள் அவள் இறங்கிவிட்டாள்.

கம்பை ஊன்றி, வந்த வழியே திரும்பி நடக்கத் தொடங்கினாள். நடைபாதையில் ஐஸ்கிரீம் வண்டியும் பாசிமாலைக் கடையும் அடைத்துக் கிடந்ததால் பச்சைப் பாதையில் இறங்கி, பிளாஸ்டிக் குச்சிகளை ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டு நடந்தாள். எதிரே இரண்டு ஸ்கூட்டர்கள் அவளைச் சுற்றி வளைந்து வந்தன.

ஜெஸ்பின் இரண்டு விசில் கொடுத்தான். பின்னால் வேன்கள் ஹாரன் அடித்தன. தாணப்பன் வண்டியை எடுக்கவில்லை. இடப்பக்கக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தான், அவள் சந்துக்குள் திரும்பும்வரை.