மிஸ் வெர்னீஸ் பெயர் கூப்பிடுகிறார்

“ஹெஸ்டர் மோட்லி.”

“இருக்காங்க.”

“எஃப்ராயிம் கேதர்.”

“இருக்கேன்.”

ஹெஸ்டர் மோட்லி போய்ச் சேர்ந்து நாற்பது வருஷம் ஆகிறது. எஃப்ராயிம் கேதர் அதற்கும் முன்னால் போனவர். மிஸ் வெர்னீஸ் டாலிவர் அதைப் பற்றியெல்லாம் கவலைப்படுவதில்லை. கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு, ஒவ்வொரு பெயருக்கும் பென்சிலால் ஒரு டிக் போட்டுக்கொண்டே போவார். மவுண்ட் நீபோ தேவாலயத்தின் பின்கூடத்தில், மாதத்தின் இரண்டாவது வியாழக்கிழமை காலையில் நடக்கும் கறுப்பினச் சிறு விவசாயிகள் கூட்டம் இப்படித்தான் தொடங்கும்.

காரணம் என்னவோ சாதாரணமானதுதான். நம்மவர்கள் உயில் எழுதுகிற ஜாதி இல்லை. தாத்தா வாங்கிய நிலம் தாத்தா பெயரிலேயே கிடக்கும், பேரன் உழுதுகொண்டிருப்பான். விவசாய அலுவலகப் பதிவேட்டிலும் அதே பெயர்தான். தன் காகிதம் எந்தப் பெயரில் இருக்கிறது என்று ஆளுக்கு மறந்துவிடக் கூடாதே என்று, பதிவேட்டில் உள்ளபடியே கூப்பிட ஆரம்பித்தார் மிஸ் வெர்னீஸ். அந்த நிலத்தை இப்போது உழுகிறவர் பதில் சொல்வார். பதினோரு வருஷத்தில் அது பழகிப்போனது. மாநிலத் தலைநகர் மாண்ட்கோமரியிலிருந்து புதிதாக வந்த ஒரு அதிகாரிப் பெண் மட்டும், விஷயம் தெரிந்ததும் வெலவெலத்துப்போய் வாசலில் நின்றுகொண்டாள்.

“செத்தவங்க கடிக்க மாட்டாங்கம்மா,” என்றார் மிஸ் வெர்னீஸ். “உயிரோட இருக்கறவங்கதான் கூட்டத்துக்கு வராம என் உசிர வாங்கறாங்க.”

மிஸ் வெர்னீஸுக்கு வயது அறுபத்தொன்று. சம்பளம் தருவது பல்கலைக்கழகம். மண் பரிசோதனைக்குப் பை கொடுப்பதும், சொட்டுநீர்க் குழாய் போடக் கற்றுத்தருவதும், விண்ணப்பம் நிரப்பித் தருவதும் அவர் வேலை என்று காகிதத்தில் இருக்கும். அவர் உண்மையில் செய்வது வேறு. கூச்சத்தில் முந்தின கூட்டத்துக் குறிப்பை முணுமுணுக்கிற பெண்ணிடம் அதையே மறுபடி உரக்க வாசிக்கச் சொல்வார். தலைநிமிராத ஆளிடம் ஆட்டுக்குக் குடற்புழு மருந்து கொடுப்பதைப் பற்றிப் பேசச் சொல்வார். “வாயத் தெற. ஈ பூந்தா நான் பாத்துக்கறேன்.” இப்படி அவர் எழுப்பி நிறுத்திய ஆட்கள் இன்று பள்ளிக்கூட வாரியத்திலும் தண்ணீர் வாரியத்திலும் உட்கார்ந்திருக்கிறார்கள்.

அவரிடம் மசியாத ஒரே ஆள் ராஸ்கோ கேதர். எஃப்ராயிமின் பேரன், நாற்பத்தொன்பது வயது. அறுபத்திரண்டு ஏக்கர், சர்க்கரைவள்ளிக்கிழங்கு, நாற்பது ஆடு. “ராஸ்கோ, நீ என்னப்பா சொல்றே?” என்று கேட்டால் தன் பூட்ஸைப் பார்ப்பான்.

ஆனால் தாத்தா பெயரைக் கூப்பிட்டால் கதையே வேறு. முதுகு நிமிரும். குரல் அடித்தொண்டைக்கு இறங்கும். “வறட்சி நிவாரண ஃபாரம் எங்க கைக்கு மட்டும் கெடு முடிஞ்சப்புறம் வருதே, அது ஏன்?” என்று அலுவலக ஆளை அவன் கேட்ட அன்று கூடமே திரும்பிப் பார்த்தது. இன்னொரு நாள், எல்லைக் கல் காணோம் என்று பேச்சு வந்தபோது, ஓடைக்கரையில் எப்போதோ வெட்டிய மரம் நின்ற இடத்தில் மூன்றடி தோண்டச் சொன்னான். தோண்டினார்கள், கல் இருந்தது. அந்த மரத்தை வெட்டியது ராஸ்கோ பிறப்பதற்கு முன்னால்.

மிஸ் வெர்னீஸ் அப்போதே பயந்திருக்க வேண்டும். சந்தோஷப்பட்டார். மூன்று வருஷமாக, எதையாவது முகத்துக்கு நேரே கேட்க வேண்டியிருந்தால் பெரியவர் பெயரைத்தான் கூப்பிட்டார்.

ஆகஸ்ட் முதல் தேதி வந்தது. கவுண்ட்டியின், அதாவது மாவட்டத்தின், விவசாயக் குழுத் தேர்தலுக்கு மனுக் கொடுக்கக் கடைசி நாள். யாருடைய முறையீடு எடுபடும், யாருடையது குப்பைக்குப் போகும் என்று முடிவுசெய்வது அந்தக் குழுவில் இருக்கும் மூன்று பேர்தான். அந்த நாற்காலியில் நம்மவர் ஒருவர்கூட உட்கார்ந்ததில்லை. அலுவலகம் நாலரைக்குப் பூட்டிவிடும். மூன்றரை மணிக்கு ராஸ்கோவின் சமையலறையில் உட்கார்ந்து, இரண்டு படிவங்களில் ஒன்றை அவனிடம் தள்ளினார் மிஸ் வெர்னீஸ். அவன் கையெழுத்துப் போட்டு நீட்டினான்.

எஃப்ராயிம் கேதர் என்று இருந்தது.

“உன் பேர எழுது ராஸ்கோ.”

“எழுதிட்டேனே, மிஸ் வெர்னீஸ்.” வாங்கிப் பார்த்தான். முகம் செத்துவிட்டது.

ராஸ்கோவின் எழுத்து கோழி கிளறியது போலிருக்கும். இது சாய்வான எழுத்து. கடைசி எழுத்தின் வால் சுருண்டு மேலேறி முதல் எழுத்தைத் தொட்டது. எஃப்ராயிமின் பழைய கிரயப் பத்திரத்தை நூறு தடவை நகலெடுத்தவர் மிஸ் வெர்னீஸ். அந்த வால் யாருடையது என்று அவருக்குத் தெரியும்.

“எப்பலேருந்துப்பா இப்படி?”

“மொதல்ல கூட்டத்துக்கு மட்டுந்தான் வந்தாரு. இப்ப வீட்டுலயும் இருக்காரு. நீங்க கூப்பிட்டீங்க, வந்தாரு. போகச் சொல்ல எனக்கு வழி தெரியல.” குரல் இறங்கிப்போனது. “ரெண்டு நாளா ஆடுங்க என் கிட்ட வர மாட்டேங்குது.”

மிஸ் வெர்னீஸுக்கு வெட்கமாக இருந்தது. ஓர் ஆளை எழுப்பி நிறுத்துகிறோம் என்று நினைத்துக்கொண்டு, அவன் இடத்தில் வேறொருவரை எழுப்பிவிட்டிருந்தார். மணி மூன்றே முக்கால். படிவம் ஒன்றுதான் பாக்கி. எழுந்து நின்று தொப்பியைக் கழற்றினார். ராஸ்கோவைப் பார்க்காமல் அவன் தோளுக்குப் பின்னால் பார்த்தார்.

“மிஸ்டர் எஃப்ராயிம், ஐயா. தப்பு என்னோடது. உங்களக் கூப்பிட்டுக் கூப்பிட்டு வேல வாங்கினது நான்தான். போதுங்கய்யா. இனிமே அவன் பேசட்டும். நீங்க என்கூட வந்துடுங்க.”

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது, ஜன்னல் திரை அசையவில்லை. வெளியே ஆடுகள் எல்லாம் ஒரே சமயத்தில் கத்தி ஓய்ந்தன. ராஸ்கோ மிச்சமிருந்த படிவத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். பேனாவை எடுத்து, எழுத்துக்கு எழுத்து நின்று நின்று, கோழி கிளறியதுபோல் ராஸ்கோ கேதர் என்று எழுதி முடித்தான்.

“ஜெயிச்சுட்டா நான்தான பேசணும்?”

“நீதான். திக்கித் திக்கிப் பேசு. உக்காந்து கேக்கட்டும்.”

படிவம் வைத்த பையோடு காருக்கு வந்து, அதைப் பின்சீட்டில் போட்டுவிட்டு வண்டியை எடுத்தார். மண் பாதை முடிகிற இடத்தில் வண்டி டிங் டிங் என்று அடிக்க ஆரம்பித்தது. பக்கத்துச் சீட்டுக்காரர் பெல்ட் போடவில்லை என்று விளக்கு எரிந்தது. அந்தச் சீட்டில் ஒன்றும் இல்லை. மிஸ் வெர்னீஸ் வண்டியை நிறுத்தினார். அந்தப் பக்கம் பார்க்காமலே எட்டி பெல்ட்டை இழுத்து, ஓர் ஆளின் வயிற்றுக்கு இடம் விட்டு, மாட்டினார்.